பரணில் இருக்கும் பூட்ஸ் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 41. வேலைக்குப் போகிறேன். கணவர், 13 வயது மகன், 9 வயது மகள் என்று நான்கு பேர் உள்ள வீடு. இந்தக் கோடை விடுமுறைக்கு இரண்டு திட்டம் போட்டேன். ஒன்று, பல வருடங்களாகச் சேர்ந்து கிடக்கும் வேண்டாத பொருட்களைக் கழித்துக் கட்டுவது. இன்னொன்று, பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்காமல் விளையாட்டில் இறங்குவது. இரண்டும் நல்ல காரியம்தானே? ஆனால் விடுமுறை பாதிகூடத் தாண்டவில்லை, வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆரம்பித்தது பரணில். அங்கே ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய மகனின் ஃபுட்பால் சாமான்கள். பூட்ஸ், ஷின் கார்டு, பழைய ஜெர்சிகள், சில கோப்பைகள். சின்ன வயதிலிருந்தே பயிற்சிக்குப் போனவன். சென்ற ஆண்டு திடீரென்று வளர்ந்தான். முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "ஆஸ்குட்-ஷ்லாட்டர், வளரும் வயதில் வருவதுதான், கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள்" என்றார். வலி போய்விட்டது. அவன்தான் பயிற்சிக்குத் திரும்பவில்லை. கேட்டால் "பார்க்கலாம்" என்பான். அந்தப் பூட்ஸ் இப்போது அவன் காலுக்குச் சேராது. வேறு பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பெட்டியைக் கீழே இறக்கினேன். கணவர் பார்த்துவிட்டு, "அதைத் தொடாதே, அவன் திரும்பப் போவான்" என்று சத்தம் போட்டார். பூட்ஸைத் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, மறுபடி மேலே ஏற்றிவிட்டார். மகன் எதுவும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கணவர் எதையுமே தூக்கிப் போட விடமாட்டார். பழைய சார்ஜர், ஓடாத கடிகாரம், எதற்கென்றே தெரியாத சாவிகள். பொருள் குவிப்பது ஒரு நோய் என்று இணையத்தில் படித்தேன். இவருக்கும் அதுதானோ? அவரும் இளம் வயதில் நன்றாக ஃபுட்பால் ஆடியவர், வேலை கிடைத்ததும் விட்டுவிட்டார். எனக்கோ மாலையில் வீட்டுக்குள் நுழைந்து இந்தக் குவியலைப் பார்த்ததுமே மூச்சு முட்டுகிறது. சொன்னால், "உனக்குச் சுத்தப் பைத்தியம்" என்கிறார்.

மகளாவது உருப்படட்டும் என்று காலையில் ஒன்றரை மணி நேரம் பேட்மிண்டன், மாலையில் ஒரு மணி நேரம் நீச்சல் சேர்த்திருக்கிறோம். ஞாயிறு மட்டும் லீவு. நீச்சல் அவளே கேட்டது. பேட்மிண்டனுக்குக் கிளம்பும்போது மட்டும் வயிற்று வலி என்கிறாள். இரண்டுக்கும் முழுக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. மகன் மாலையானால் பக்கத்துக் காலி மனையில் தன்னைவிடச் சின்னப் பையன்களோடு ஒரு கிழிந்த பந்தை உதைத்துக்கொண்டு இருட்டும்வரை நிற்கிறான். அதிலும் பொழுது வீணாகிறது.

பெட்டியை என்ன செய்வது? இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

– பெயர் வேண்டாம், ஓர் அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

கணவருக்கு நோயா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பொருள் குவிக்கும் கோளாறு, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேட்டில் 2013இல் தனிக் கோளாறாக இடம்பெற்றது. மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையும் விட முடியாமை, விடச் சொன்னால் கடும் வேதனை, படுக்கவும் சமைக்கவும் முடியாத அளவுக்குப் புழங்கும் இடமே அடைபட்டுப்போவது என்று எல்லாம் சேர்ந்து, அன்றாட வாழ்க்கையையே குலைத்தால்தான் அந்தப் பெயர். ஒரு பரணும் ஓடாத கடிகாரமும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் கணவரை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கத்துக் கதையைத்தான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியதில் நோய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோபத்தில் அந்தச் சொல்லை அவர்மேல் வீசிவிடாதீர்கள். அப்புறம் பெட்டியைப் பற்றிப் பேசவே முடியாது.

'சுத்தப் பைத்தியம்' என்ற பட்டமும் உங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களிடம், வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். அந்த ஆய்வு 2010இல் வெளியானது. 'எல்லாம் இறைந்து கிடக்கிறது', 'இந்த வேலை முடியவே இல்லை' என்ற தொனியில் அதிகம் பேசிய பெண்களிடம், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் ஹார்மோனின் போக்கு மாறியிருந்தது. காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டிய அது, அவர்களுக்குப் போதிய அளவு இறங்கவில்லை. குவியல்தான் இதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாலையில் மூச்சு முட்டுகிறது என்று நீங்கள் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. கணவர் கண்ணுக்கு அது கடிகாரம், சாவி. உங்கள் கண்ணுக்கு ஒவ்வொன்றும் முடியாத ஒரு வேலை. இதை அவரிடம் சொல்லும்போது "நீங்கள் எதையும் போட விடமாட்டீர்கள்" என்று தொடங்காமல், "உள்ளே வந்ததும் எனக்கு இப்படி ஆகிறது, கூடத்தையும் சமையலறையையும் மட்டுமாவது காலியாக வைத்துக்கொள்ள உதவுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முழு வீட்டுக்கும் சம்மதம் வாங்குவதைவிட இரண்டு இடத்துக்கு வாங்குவது சுலபம்.

சரி, பெட்டிக்கு வருவோம். கணவர் துடைத்துக் காகிதம் திணித்து வைத்திருப்பது யாருக்கும் சேராத பூட்ஸ். நாளைக்கே மகன் பயிற்சிக்குப் போனாலும் புதிதுதான் வாங்க வேண்டும். அது அவருக்குத் தெரியாமல் இருக்காது. வேலைக்காக ஆட்டத்தை விட்ட மனிதர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர் எதைப் பத்திரப்படுத்துகிறார் என்று அதை வைத்து நான் ஓர் ஊகம் செய்ய முடியும். ஆனால் அதை அவர் வாயிலிருந்து நீங்கள் கேட்பதுதான் நல்லது. "நீங்கள் விட்டபோது எப்படி இருந்தது?" என்று இத்தனை வருடத்தில் யாராவது அவரைக் கேட்டிருப்பார்களா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. மகன் சின்னப் பையன்களோடு இருட்டும்வரை பந்து உதைக்கிறான், பொழுது வீணாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் ஃபுட்பாலை விட்டுவிட்டான் என்று நீங்களும், திரும்ப வருவான் என்று கணவரும் சண்டை போடுகிறீர்கள். அவனோ தினமும் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கிறான்! அவன் போகாமல் இருப்பது பயிற்சிக்கு மட்டும்தான். ஏன் என்று இரண்டு பேரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. "திரும்பப் போகிறாயா" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் 'போகிறேன்' என்றால் அவனுக்குப் பொய், 'போகமாட்டேன்' என்றால் அப்பாவுக்கு வருத்தம். "பார்க்கலாம்" என்பதைத் தவிர அவன் வேறு என்ன சொல்வான்?

காரணம் என்னவாகவும் இருக்கலாம். ஒரே வருடத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த பையனுக்குத் தன் கால்களே கொஞ்ச காலம் பழக்கமில்லாதவைபோல் ஆகலாம்; முன்பு தானாக வந்த ஓட்டமும் திருப்பமும் தடுமாறலாம். ஓய்வில் இருந்த மாதங்களில் கூட இருந்தவர்கள் முன்னேறியிருப்பார்கள். வலி திரும்புமோ என்ற பயம் இருக்கலாம். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பது முழங்காலுக்குக் கீழே, தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வளரும் பகுதி எரிச்சல் அடைவது. பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் சரியாகிவிடும் என்றாலும், அதுவரை ஓட்டமும் குதிப்பும் கூடும்போது தலைகாட்டக்கூடியதுதான். இதையெல்லாம் தாண்டி, பயிற்சியாளரோ கூட ஆடுபவர்களோ அவனை நோகடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஏதாவது சொன்னால் "அப்படி எல்லாம் இருக்காது" என்று மறுக்காமல் முழுவதும் கேளுங்கள்.

2014இல் அமெரிக்காவில் ஃபுட்பால் ஆடும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், பயிற்சியாளர்களிடம் விளையாட்டில் மகிழ்ச்சி தருவது எது என்று கேட்டுத் தொகுத்தார்கள். 81 விஷயங்கள் வந்தன. முழு முயற்சியோடு ஆடுவது, அணியில் ஒருவரையொருவர் மதிப்பது, பயிற்சியாளர் நல்ல விதமாக நடத்துவது ஆகியவை முன்னால் நின்றன. வெற்றி அந்தப் பட்டியலில் வெகுதூரம் பின்னால் இருந்தது. காலி மனையில் உங்கள் மகனுக்கு என்ன கிடைக்கிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே அவன்தான் பெரியவன், சின்னவர்கள் அவனை நம்பி வருகிறார்கள், மதிப்பெண் போட யாரும் இல்லை.

பேச வேண்டியது கணவர். நீங்கள் அல்ல, இதில் கொஞ்சம் ஒதுங்கியே இருங்கள். எதிரே உட்காரவைத்துப் பேசினால் விசாரணைபோல் ஆகிவிடும். சேர்ந்து நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, முகம் பார்க்க வேண்டாத இடத்தில் பேசட்டும். "சின்னப் பசங்களோட ஆடும்போது எது நல்லா இருக்கு?" என்று கேட்டால் போதும். பதில் உடனே வராது. வராவிட்டால் விட்டுவிடட்டும். இன்னொன்றும் அவர் சொல்லலாம்: "பெட்டியை மேலே ஏத்தினது எனக்காகத்தான். நீ போனாலும் போகாட்டியும் எனக்குக் கவலை இல்லை." உண்மையில் அவர் அந்த இடத்துக்கு வந்திருந்தால் மட்டும் சொல்லட்டும். பிள்ளைகள் ஒப்புக்குச் சொல்வதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதன் பிறகு பெட்டியை மகனிடமே விட்டுவிடுங்கள். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன். அவன் அறையில் இடம் இருந்தால் அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். கொடுக்க மனம் வந்தால், கொடுப்பதற்கு முன் அவனே ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவுப் பொருட்களைப் படம் எடுத்துவிட்டு நன்கொடையாகக் கொடுங்கள் என்று சில மாணவர் விடுதிகளில் சொன்னபோது 613 பொருட்கள் சேர்ந்தன. வெறுமனே கொடுங்கள் என்று சொன்ன விடுதிகளில் 533. பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பொருள் போனாலும் நினைவு போகாது என்ற தைரியம் கொஞ்சம் உதவுகிறது. ஆனால் படம் எடுப்பது பொருளுக்கு உரியவராக இருக்க வேண்டும். நீங்கள் எடுத்துவிட்டு அவன் இல்லாத நேரத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். யாரும் பார்க்காதபோது கழிப்பது என்பதை இந்த வீட்டில் யார் பொருளுக்கும் செய்யாதீர்கள், அந்தக் கடிகாரம் உட்பட.

வீட்டை ஒழுங்குபடுத்துவதில் நீங்கள் தவறான முனையைப் பிடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாவற்றிலும் கனமான பெட்டியிலிருந்து தொடங்கினால் முதல் நாளே யுத்தம்தான். யாருக்கும் பாசம் இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். காலாவதியான மருந்துகள், உடைந்த வாளி, பொருந்தாத மூடிகள், முடிந்துபோன உத்தரவாத அட்டைகள். நினைவோடு ஒட்டியவை கடைசியில் வரட்டும், அல்லது இந்தக் கோடையில் வராமலே போகட்டும்.

மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தினம் இரண்டரை மணி நேரம், ஆறு நாள். வாரம் 15 மணி நேரம் ஆகிறது, வயது 9. அமெரிக்காவில் 7 முதல் 18 வயதுவரையிலான ஏறத்தாழ 1,200 இளம் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தன் வயது எண்ணைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் ஒழுங்குமுறைப் பயிற்சி செய்தவர்களுக்கு, உடலை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் வரும் கடுமையான காயங்கள் கூடுதலாக இருந்தன. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் சொல்கிறது. 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைந்தால் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். சைக்கிள் ஓட்டுவதும் ஓடிப் பிடித்து ஆடுவதும் அந்தக் கணக்கில் சேரும். காலி மனையும்தான்.

வயிற்று வலி நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் வயிற்றில் நிஜமாகவே வலிக்கும். நீச்சலுக்குப் போகும்போதும் ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறதா என்று கவனியுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவு என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்படி ஒன்றும் இல்லை, பேட்மிண்டன் வேளையில் மட்டும்தான் என்றால், அண்ணன் விட்ட இடத்தைத் தான் நிரப்ப வேண்டும் என்று அவள் நினைக்கிறாளா என்பதையும் யோசியுங்கள். 'மகளாவது' என்று நீங்கள் எழுதிய சொல் வீட்டிலும் அவள் காதில் விழுந்திருக்கலாம்.

பேட்மிண்டனை நிறுத்திவிட்டு நீச்சலை வைத்துக்கொள்ளுங்கள், அவளாகக் கேட்டது அதுதான். கட்டணம் வீணாகுமே என்று தோன்றும். அவள் போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் கட்டியதுதான். மிச்ச வகுப்புகளை வேறு ஒரு பிள்ளைக்கு மாற்றித் தருவார்களா, அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பார்களா என்று பயிற்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள்; முடியாது என்றாலும் நிறுத்திவிடுங்கள்.