அரசுப் புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு இருந்தால் மக்களுக்கு நம்பிக்கை வருமா?

வரும். ஆனால் அந்த அமைப்புக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், அதன் வாயை யாரால் மூட முடியும் என்பதைப் பொறுத்துத்தான் வரும்.

கேள்வி கேட்டவர், "எண் சரியாக இருந்தால் போதாதா, அதற்கு மேலே ஒரு காவல் எதற்கு?" என்றும் கூடவே கேட்டிருக்கிறார். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவள் நான். அரசுக்கு எண் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் ஒரு பையன் கதை. எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவும், மாமாவின் வள்ளத்தில் ஏறிவிட்டான். காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் அவன் கரையில் வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வான். பள்ளிப் பதிவேட்டிலோ அவன் எங்கள் மாணவன்தான். அவனைப் போல இன்னும் நான்கு பேர். வருஷக் கடைசியில் படிவம் வந்தது. 'இடைநின்றவர்கள்' என்று ஒரு கட்டம். ஐந்து என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மேலே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு பேர் போட்டா பத்துக் கேள்வி வரும் டீச்சர். பசங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடலாம், இப்போதைக்குச் சைபர் போடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் சைபர்தான் தேவைப்பட்டது. நான் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் பூஜ்ஜியம் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, படிப்பை விட்ட பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையம் ஒன்று எங்கள் பக்கம் வேண்டும் என்று ஊர்க்காரர்களோடு மனு கொண்டு போனோம். "உங்க பக்கம் இடைநிற்றலே இல்லையேம்மா" என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்கள். அடியில் என் கையெழுத்து இருந்தது.

யாரும் காசுக்காகப் பொய் எழுதவில்லை. எந்த எண் என் வேலையை எடை போடுமோ, அந்த எண்ணை எழுதும் பேனாவை என் கையிலேயே கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான். பள்ளியில் நடந்தது டெல்லியிலும் நடக்கலாம் என்று புரிந்துகொள்ள எனக்குப் பொருளாதாரம் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வேறு ஒரு வகைக் கோளாறும் உண்டு. அதில் யாருடைய அழுத்தமும் இருக்காது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்களை அனுப்பினார்கள். 'கடந்த ஓராண்டில் வேலை செய்தாரா?' என்பது படிவத்தில் ஒரு கேள்வி. ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் முதன்மைத் தொழிலாளர். குறைந்தால் வேறு கட்டம். அதிலும் மூன்று மாதத்துக்குக் கீழே என்றால் இன்னொன்று.

ஒரு வீட்டில் கணவர் மட்டும் இருந்தார். மனைவி என்ன வேலை என்றேன். "அவ சும்மா வீட்லதான் இருக்கா டீச்சர்" என்றார். சும்மா இருக்கிற அந்த அம்மா அப்போது வீட்டில் இல்லை. கடல்பாசி பறிக்கப் போயிருந்தார். விரல்களில் துணிச்சுற்று, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. தீவோரப் பாறைகளில் மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசிகளைப் பறித்து வருகிறவர்கள் இவர்கள். ஐஸ்கிரீமிலும் மருந்து மாத்திரையிலும் சேரும் சரக்குக்கு அந்தக் கை முதல் கை.

சாயங்காலம் திரும்பப் போய் அவரிடமே கேட்டேன். "அமாவாசைக்கு ஒரு அஞ்சாறு நாளு, பௌர்ணமிக்கு ஒரு அஞ்சாறு நாளு போவோம். காத்துக் கடலா இருந்தா அதுவும் இல்ல. மத்த நாளு காயப்போடுறது, குப்பை பொறுக்குறது" என்றார். இதை எந்தக் கட்டத்தில் அடைப்பது? மாதம் பன்னிரண்டு நாள், வருஷம் பத்து மாதம் என்று பார்த்தால் கடலில் 120 நாள். காயவைக்கும் நாளைச் சேர்த்தால் ஆறு மாதம் தாண்டும். சேர்க்கலாமா? கேட்டதற்கு ஒரு கூட்டத்தில் 'சேர்' என்றார்கள், அடுத்த கூட்டத்தில் 'விடு' என்றார்கள். நான் சேர்த்தேன். பக்கத்துத் தெருவுக்குப் போன ஆசிரியர் வீட்டுக்காரர்கள் சொன்னதை எழுதினார். ஒரே தொழில் செய்கிற பெண்கள் ஒரு தெருவில் தொழிலாளர்கள், அடுத்த தெருவில் வேலை இல்லாதவர்கள்.

இது வெறும் கட்டச் சண்டை இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் பாசிக்குப் போகலாமா கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம், எத்தனை பெண்கள் இதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கட்டத்துக்கு வெளியே விடப்பட்டவளுக்கு அந்தப் பேச்சில் இடம் கிடையாது. கட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று புள்ளியியல் துறையைப் பார்த்துக் கேட்கவும், கேட்டதை ஊருக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டாமா? எண்ணைத் திருத்தாமல் தடுப்பது மட்டும்தான் கண்காணிப்பு என்று நினைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தனுஷ்கோடியையும் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோன ரயிலில் 115 பேர் இருந்ததாக ஒரு கணக்கு உண்டு. அது டிக்கெட்டை வைத்து வந்த எண். "டிக்கெட் எடுத்தவுக மட்டுமா ஏறுனாக?" என்று என் அப்பத்தா சாகும்வரை கேட்டார்.

இனி நாட்டுக் கணக்கு. சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2001இல் தந்த அறிக்கையின் பேரில், 2005 ஜூனில் அரசுத் தீர்மானம் ஒன்றால் தேசியப் புள்ளியியல் ஆணையம் அமைந்தது. 2006 ஜூலையில் வேலை தொடங்கியது. தீர்மானத்தால் அமைந்தது என்பதைக் கவனியுங்கள். அதற்கென்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், கேட்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. 2019 ஜனவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஆணையம் ஒப்புதல் கொடுத்த 2017-18 வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அறிக்கை வெளிவராமல் நின்றதால், பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து புது அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அறிக்கை வந்தது. வேலையின்மை 6.1 சதவீதம். முறை மாறியிருப்பதால் பழைய எண்களோடு இதை ஒப்பிடக் கூடாது என்றது அரசு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். அதையும் சேர்த்து ஜனவரியிலேயே வெளியிட்டிருந்தால் அறிஞர்கள் எண்ணைப் பற்றி வாதாடியிருப்பார்கள். தள்ளிப் போட்டதால் எல்லாரும் தேதியைப் பற்றிப் பேசினார்கள்.

அதே வருஷம் நவம்பரில் 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் சரியில்லை என்று சொல்லிக் கைவிட்டார்கள். தரம் சரியில்லாமல் போகலாம்தான். ஆனால் அதைத் தீர்மானித்தது யார்? எடுத்ததும் அரசு, சரியில்லை என்றதும் அரசு. 2011-12க்குப் பிறகு அடுத்த நுகர்வுக் கணக்கு 2022-23க்குத்தான் வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, விலைவாசிக் குறியீடு 2011-12 குடும்பச் செலவை வைத்தே ஓடியது. அதற்குள் செல்போன் ரீசார்ஜ் அரிசிக்கு அடுத்த செலவாகிவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2025 மே முதல் வேலையின்மை எண் மாதந்தோறும் வருகிறது. எந்த அறிக்கை எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். தேதி முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டால், தள்ளிப்போடுகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் பாதி நம்பிக்கை அதிலேயே வந்துவிடும்.

வெளியே எப்படி? பிரிட்டனில் 2007இல் இதற்கென்று சட்டம் போட்டார்கள். 2008 ஏப்ரல் முதல் அங்குள்ள புள்ளியியல் ஆணையம் அமைச்சருக்குக் கீழே இல்லை, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறது. அதற்குப் பெரிய தண்டனை அதிகாரம் ஒன்றும் கிடையாது. கடிதம் எழுதும், அதை எல்லாரும் பார்க்க வெளியிடும். 2017 செப்டம்பரில் அதன் தலைவர் டேவிட் நோர்குரோவ், வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சனுக்கே, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் வாரம் 35 கோடி பவுண்டு கைக்கு வரும் என்ற கணக்கைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதினார். என் படிவத்தைப் பற்றி அப்படி ஒரு கடிதம் ஊருக்கே தெரிய வந்திருக்கும் என்றால், எனக்கு மேலே இருந்தவர் சைபர் கேட்டிருக்க மாட்டார். அதே 2017 ஜூலை முதல், அங்குள்ள தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியீட்டுக்கு 24 மணி நேரம் முன்பே அமைச்சர்களுக்கு எண்ணைக் காட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டது.

இவ்வளவு இருந்தும் அங்கே கோளாறு வரத்தான் செய்கிறது. வீடுகள் பதில் சொல்வது குறைந்துபோய், 2023 அக்டோபரில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு எண்களை நிறுத்தி வைக்கும் நிலை வந்தது. ஆனால் எண் ஏன் நின்றது என்று அலுவலகமே வெளியே சொன்னது.

கிரீஸ் வேறு மாதிரி. 2010இல் புள்ளியியல் அமைப்புக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியூ, 2009ஆம் ஆண்டின் அரசுப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 15.4 சதவீதம் என்று கணக்குக் காட்டினார். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. சொந்த நாட்டிலோ அவரை வருஷக்கணக்கில் நீதிமன்றப் படியேற வைத்தார்கள். ஆகவே கண்காணிக்கிற அமைப்பு மட்டும் போதாது, உள்ளதை உள்ளபடி எழுதுகிற ஆளுக்கும் சட்டம் குடை பிடிக்க வேண்டும். படிவம் நிரப்பும் கடைசி ஆசிரியை வரைக்கும்.

எங்கள் கரையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் மண்டபத்தில்தான் தொடங்கியது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. பிடிபடும் மீனை அவர்கள் கணக்கெடுப்பது, சிலதைப் பார்த்து மொத்தத்தைக் கணிக்கும் மாதிரி (sample) முறையில். குறித்த நாளில் மத்தியானம் 12 முதல் 6 வரை, மறுநாள் காலை 6 முதல் 12 வரை ஆள் கரையில் நிற்பார். இரவில் வந்த படகைப் பற்றி விசாரித்து எழுதிக்கொள்வார். பதினைந்து படகுக்குள் என்றால் எல்லாவற்றையும் பார்ப்பார், அதற்கு மேலே போனால் சிலதை மட்டும். "பத்துப் படகைப் பாத்துட்டு அம்புட்டுப் படகுக்கும் எழுதுறாக, இது என்ன கணக்கு?" என்பான் என் தம்பி, அவனுக்கு ஒரு நாட்டுப்படகு உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லுவேன். "பதம் பாக்கிறவுக சோத்தைக் கிண்டிவிட்டு எடுக்கணும்ல, மேலாப்புல எடுத்தா?" என்பான். சரியான கேள்வி. இதே மீனை மாநில மீன்வளத் துறையும் தனியாகக் கணக்கெடுக்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் எனக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது. வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. மானியம் கொடுக்கிற துறையின் கணக்கை, மானியத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் தனியாக எடுத்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம்!

எனக்கு என்ன வேண்டும் என்றால்: ஆணையத்துக்குச் சட்டம். உறுப்பினரைக் காலம் முடியும் முன் தூக்க முடியாத ஏற்பாடு. தன் கருத்தை யாரையும் கேட்காமல் வெளியிடும் உரிமை. மாவட்டத்துக்கு இத்தனை பள்ளி, இத்தனை கரை என்று சொல்லாமல் போய் எண்ணிப் பார்க்கும் ஒரு சிறு படை. அந்தப் படை எங்கள் பள்ளிக்கு ஒரு நாள் வந்து, வருகைப் பதிவேட்டையும் கரையையும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஐந்து பிள்ளைகளும் கண்ணில் பட்டிருப்பார்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்குக்கு 2027 மார்ச் 1 குறித்த நாள். இந்தமுறை போனில் பதிவு. எங்கள் தெருவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி போன வாரம் வந்து, "அக்கா, பாசிக்குப் போறவங்களுக்கு என்ன போடுறது?" என்று கேட்டாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போகாதே, வீட்டில் இருக்க மாட்டார்கள் என்றேன். ஆம்பளைகளிடம் கேட்டு எழுதாதே, அந்தப் பெண்ணிடமே கேள். காயவைக்கிற நாளையும் எண்ணு. யாராவது மாற்றச் சொன்னால், சொன்னவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வை.

நோட்டு வாங்கிவிட்டதாக நேற்று வந்து காட்டினாள்.