தட்டில் ஒளியும் காய்கறி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் காய்கறியை ஒதுக்குவது பற்றி வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் கப் என்பது 200 மில்லி. மேசைக்கரண்டி என்பது 15 மில்லி.

என் மகனுக்கு இரண்டரை வயது. தயிர் சாதம், வெறும் தோசை, இந்த இரண்டையும் தவிர வேறு எதையும் வாயில் வாங்க மாட்டான். கேரட்டையும் பீன்ஸையும் வேகவைத்து அரைத்துத் தயிர் சாதத்தில் கலந்து கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுத் துப்பிவிட்டான். அன்றிலிருந்து தயிர் சாதத்தையே தொடுவதில்லை.
– வாசகி, தேனி

முதலில் தயிர் சாதத்தை மீட்டெடுங்கள். அடுத்த இரண்டு வாரம் அதில் எதையும் கலக்க வேண்டாம். பழைய கிண்ணம், பழைய குழைவு, பழைய உப்பு என்று அப்படியே வையுங்கள். சாப்பிடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் திரும்பி வந்துவிடுவார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு வயதை ஒட்டிப் புதிய உணவைக் கண்டால் பயப்படும் குணம் குழந்தைகளிடம் கூடும். ஆறு வயது வாக்கில் மெல்லக் குறையும். அந்தப் பயத்தில் இருக்கும் குழந்தை, நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும் என்று நம்பக்கூடிய ஒன்றிரண்டு உணவுகளைப் பிடித்துக்கொள்கிறது. அந்த உணவிலேயே கை வைத்தால் காய்கறியும் போகும், நம்பிய உணவும் போகும். அதனால் குழந்தை நம்பிச் சாப்பிடும் உணவில் எதையும் ஒளிக்கக் கூடாது. எதில் கலப்பது என்பதைவிட எதில் கலக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். தயிர் சாதம் அதற்கு மிகவும் மோசமான இடமும்கூட: வெள்ளையில் ஆரஞ்சுத் திட்டு தெரியும், பீன்ஸின் பச்சை வாடையைத் தயிர் மறைக்காது, அதன் திப்பி நாக்கில் தட்டும்.

தோசையிலும் எதையும் கலக்காமல் விட்டுவிடுங்கள். மூன்றாவதாகப் பருப்பு சாதத்தைத் தொடங்குங்கள். கால் கப் பாசிப்பருப்பு, தோல் சீவிய மஞ்சள் பூசணி 50 கிராம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், முக்கால் கப் தண்ணீர். குக்கரில் மூன்று விசில் விட்டு, ஆவி அடங்கியதும் மத்தால் கடையுங்கள். பருப்பும் மஞ்சள், பூசணியும் மஞ்சள். இரண்டுக்கும் லேசான இனிப்பு உண்டு. அதனால் வேறுபாடு தெரியாது. நெய் அரைத் தேக்கரண்டி விடுங்கள். பூசணியில் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். முதல் நாள் ஒரு மேசைக்கரண்டி சாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பக்கத்தில் வழக்கமான தோசையும் இருக்கட்டும்.

இன்னொன்றும் சேர்த்துச் செய்ய வேண்டும். கடைந்ததில் எந்தக் காய் இருக்கிறதோ, அதே காயின் நன்றாக வெந்த ஒரு துண்டு, அவன் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, தட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். "சாப்பிடு" என்று சொல்லவே வேண்டாம். தொட்டாலும் சரி, தள்ளினாலும் சரி. ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து, பதினைந்து முறைகூடப் பார்க்கவோ சுவைக்கவோ வேண்டியிருக்கும். ஒளித்தது இன்றைய சத்துக்கு. நாளை அவனாகவே பூசணியை எடுத்துக் கடிப்பதற்கு ஓரத்துத் துண்டுதான் வழி. ஒளிப்பதை மட்டும் செய்யும் வீடுகளில் நான்கு வயதிலும் குழந்தைக்கு ஒரு காயின் உருவம்கூடத் தெரியாமல் போகிறது.

பீட்ரூட்டைத் துருவி இட்லி மாவில் போட்டேன். நடுவில் வேகாமல் பிசுபிசுவென்று இருந்தது. ரோஜா நிறம் வரும் என்று பார்த்தால் பழுப்பாகிவிட்டது.
– வாசகி, சேலம்

பச்சைத் துருவல் ஆவியில் நீர் விடும். அந்த நீர் தன்னைச் சுற்றியுள்ள மாவைத் தளர்த்திவிடும். நடுவில் வேகாததற்கு அதுதான் காரணம். பீட்ரூட்டை முதலில் ஆவியில் வேகவைத்து, தண்ணீர் சேர்க்காமல் விழுதாக அரையுங்கள். ஒரு கப் கெட்டி மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி விழுது போதும். கால் கப்பைத் தாண்டினால் எந்த மாவும் உப்பாது. வார்க்கும் முன்புதான் கலக்க வேண்டும். கலந்து இரவு முழுக்க வைத்தால் புளிப்பு ஏறி வாடை வரும்.

நிறம் போனதற்குப் பெரும்பாலும் ஆப்பச் சோடாதான் காரணமாக இருக்கும். பீட்ரூட்டின் சிவப்பு புளிப்பில் நிற்கும். சோடாவில் மஞ்சள் பழுப்பாகும். நெடுநேரம் வெந்தாலும் வெளிறும். சோடாவைத் தவிர்த்து, விழுதில் நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். குட்டி இட்லித் தட்டில் ஏழெட்டு நிமிடம், பெரிய தட்டில் பத்து நிமிடம் போதும்.

மறுநாள் குழந்தையின் சிறுநீரோ மலமோ சிவந்திருந்தால் பதற வேண்டாம், பீட்ரூட்டால் அப்படி ஆவதுண்டு. பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நிறம் மாறினாலே ஒதுக்கும் குழந்தையாக இருந்தால் பீட்ரூட் வேண்டாம். சுரைக்காய், சௌசௌ, வெள்ளைப் பூசணி ஆகியவற்றை மாவின் நிறம் காட்டிக்கொடுக்காது. ஆனால் இவற்றில் நீர் அதிகம். வெந்ததும் வடிதட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டு அரையுங்கள்.

மருமகள் வேலைக்குப் போகிறாள், சமையல் நான்தான். ஐந்து பேருக்குச் சமைத்துவிட்டுப் பேத்திக்கென்று தனியாகச் செய்யத் தெம்பு இல்லை. மூன்று வயதாகிறது. சாம்பாரில் ஒரு துண்டு தென்பட்டாலும் பொறுக்கி வெளியே போட்டுவிடுகிறாள்.
– ஒரு பாட்டி, மதுரை

தனிச் சமையலே வேண்டாம் அம்மா. ஒரே சாம்பாரைப் பாதி வழியில் பிரித்தெடுத்தால் போதும்.

முக்கால் கப் துவரம்பருப்போடு 150 கிராம் மஞ்சள் பூசணி, அல்லது ஒரு கேரட்டும் அரை சௌசௌவும், ஒரு தக்காளி சேர்த்து ஐந்து விசில் விடுங்கள். மத்தால் கடைந்ததும் பேத்திக்கு ஒரு குழிக்கரண்டி தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில் புளிக்கரைசல், சாம்பார்பொடி, பெரியவர்களுக்கான காய்த்துண்டுகள் போகட்டும். தாளிக்கும்போது காய்ந்த மிளகாய் போடுவதற்கு முன் ஒரு சொட்டு நெய்யில் சீரகம், பெருங்காயம் பொரித்து அவள் பங்கில் விட்டால் வாசனையும் வந்துவிடும்.

புளியைப் பருப்போடு முதலிலேயே ஊற்றும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புளிப்பில் காய் இளகாது. வெண்டைக்காய், கத்தரிக்காய் உடையாமல் இருக்க அது உதவும். கேரட், பீன்ஸ் அதில் எத்தனை நேரம் கொதித்தாலும் உள்ளே நறுக்கென்று இருக்கும். குழந்தைகள் துப்புவது பல வேளை அந்த நறுக்கைத்தான், காயை அல்ல.

முள்ளங்கி, முட்டைக்கோஸ் இரண்டையும் கடைய வேண்டாம், வாடை குழம்பு முழுக்க ஏறிவிடும். முருங்கைக்காய்க்கு நல்ல வழி ஒன்று உண்டு: இரண்டு விசில் விட்டுப் பிளந்து, கரண்டியால் சதையை வழித்து, நார் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பருப்பில் சேருங்கள். பாகற்காயை ஒளிக்க முயல வேண்டாம். கசப்பைக் குழந்தைகளின் நாக்கு நம்மைவிடக் கூடுதலாக உணரும். எதில் போட்டாலும் கண்டுபிடிக்கும்.

பேத்தி சாப்பிடும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதே காயைச் சாப்பிடுங்கள். பாட்டி மென்று விழுங்குவதைப் பார்ப்பது கெஞ்சுவதைவிடப் பலன் தரும்.

சப்பாத்தி மாவில் பசலைக்கீரை அரைத்து ஊற்றினால் கையில் ஒட்டுகிறது. மாவைக் கூடச் சேர்த்தால் சப்பாத்தி வறட்டியாகிறது.
– வாசகி, திருப்பூர்

கீரையைத் தண்ணீர் விட்டு அரைக்கிறீர்கள். ஒரு கைப்பிடி கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, நன்றாகப் பிழிந்து, தண்ணீரே விடாமல் அரையுங்கள். ஒரு கப் கோதுமை மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி விழுது, ஒரு தேக்கரண்டி எண்ணெய். பிசைந்து பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளியுங்கள். பதினைந்து நிமிடத்தில் இட்டுவிட வேண்டும். மணிக்கணக்கில் வைத்தால் மாவு தளரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசலையில் உள்ள ஆக்சலேட், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பில் அதிகம் சேரவிடாது; அதன் இரும்புச் சத்தும் சொற்பமாகவே சேரும். இரும்புக்குப் பருப்பு, முட்டை, சாப்பிடும் வீடானால் மீன், கறி ஆகியவற்றையும் நம்புங்கள். கூடவே கொஞ்சம் எலுமிச்சை, கொய்யா, தக்காளி இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

தினமும் கேரட், பூசணி விழுது கொடுக்கிறேன். குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது. காமாலையா?
– வாசகி, நாகர்கோவில்

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் கரோட்டின் மிகுதியாக இருக்கலாம். தீங்கில்லை, காயை மாற்றினால் சில வாரங்களில் மறையும். கண்ணும் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, மலம் வெளுத்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுதை மொத்தமாக அரைத்து வைக்கலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

வைக்கலாம். ஆறியதும், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். கட்டிகளை டப்பாவில் மாற்றி, காயின் பெயரும் தேதியும் எழுதி ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நீண்ட மின்வெட்டில் முழுக்க உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. கீரை விழுதை மட்டும் அன்றன்றைக்கு அரைப்பது நல்லது, வாடை மாறிவிடும்.

மகளுக்கு இரண்டு வயது. கைப்பேசியைக் காட்டினால்தான் வாய் திறக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கிறாள். காய் கலந்த எதையும் பாதியில் நிறுத்திவிடுகிறாள்.
– ஒரு தந்தை, கோவை

இங்கே காய்கறி பிரச்சினையே இல்லை. ஒரு லிட்டர் பால் குடித்த வயிற்றில் சாதத்துக்கு இடமில்லை. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பால் மட்டுமே பிரதானமாகும் குழந்தைகளுக்கு ரத்தசோகை வருவது அதனால்தான். ஒரு வாரத்தில் படிப்படியாக 400 மில்லிக்குக் கொண்டு வாருங்கள். புட்டிப்பாலாக இருந்தால் கோப்பைக்கு மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம் பாலோ பிஸ்கட்டோ வேண்டாம், தண்ணீர் போதும்.

கைப்பேசியைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது, வாயில் இருப்பது என்ன காய் என்றும் பதியாது. ஒரு வேளையில் மட்டும் நிறுத்தித் தொடங்குங்கள். முதல் மூன்று நான்கு நாள் அந்த வேளையில் குறைவாகத்தான் சாப்பிடுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் தட்டை வைத்திருக்க வேண்டாம்.

எடை கூடாமல் நின்றாலோ, முகம் வெளிறினாலோ, மண், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்றாலோ, கட்டியான எதைக் கொடுத்தாலும் குமட்டி வாந்தி எடுத்தாலோ குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை மில்லி பால் குடிக்கிறாள் என்பதையும், மூன்று நாள் சாப்பிட்டதன் பட்டியலையும் எழுதிக் கொண்டு போங்கள்.