சிலுவை இல்லாத கிறிஸ்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் ரோம் போயிருந்தேன். பார்க்கவேண்டிய தேவாலயங்களை எல்லாம் பார்த்து முடித்தபின், அங்கே வேலைபார்க்கும் நண்பர் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் மார்மன் கோயில் வளாகத்துக்குக் கூட்டிப்போனார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய சபை அது. கோயிலுக்குள் எங்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் உள்ள வருகையாளர் மையத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் இயேசு, சுற்றிலும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். அழகுதான். ஆனால் சிலுவை இல்லை, ரத்தம் இல்லை, அழுகிற மாதா இல்லை. ஒரு மெழுகுவர்த்தி ஏற்றக்கூட இடமில்லை. நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கன். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நடந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு ஷோரூம் மாதிரி இருந்தது. துயரத்தைக் கண்டு அஞ்சும் மதமா இது?

ஆ.

அன்புள்ள ஆ.,

ஷோரூம் என்று நீங்கள் சொன்னது பாதி சரி. அந்த மையமே வெளியாட்களுக்காகக் கட்டியதுதான். மார்மன்கள் ஞாயிறுதோறும் கூடும் வழிபாட்டு அறையில் சிலையும் கிடையாது, படமும் கிடையாது. ஆகவே நீங்கள் பார்த்த இயேசு, வேண்டிக்கொள்ள வைத்த சுரூபம் அல்ல. மெழுகுவர்த்திக்கு இடம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அந்தச் சிலையின் கதை உங்களுக்குப் பிடிக்கும். மூலத்தைச் செய்தவர் பெர்டல் தோர்வால்ட்சன் என்ற டென்மார்க் சிற்பி. லுத்தரன், அதாவது புராட்டஸ்டன்ட். கோபன்ஹேகனில் உள்ள நம் அன்னை ஆலயத்துக்காகச் செய்தார். ஆனால் அவர் நாற்பது ஆண்டுகள்போல வாழ்ந்ததும், 1821இல் அந்த உருவத்தை வடித்ததும் ரோமில். புனித பேதுரு பேராலயத்தில் இருக்கும் போப் ஏழாம் பயஸின் கல்லறைச் சிற்பமும் அவர் கைவேலைதான். அதை ஏன் ஒரு புராட்டஸ்டன்டிடம் கொடுத்தார்கள் என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. ரோமில் பிறந்து டென்மார்க் போன சிலையை அமெரிக்க மார்மன்கள் பிரதி எடுத்து சால்ட் லேக் சிட்டியில் வைத்தார்கள். அப்புறம் 2019இல் கராரா சலவைக்கல்லில் மறுபடி ரோமுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ரத்தம் இல்லை என்கிறீர்கள். உள்ளங்கைகளைப் பார்த்தீர்களா? இரண்டிலும் ஆணித் தழும்பு உண்டு. பாதங்களிலும் உண்டு. அங்கி விலகிய விலாவில் ஈட்டி இறங்கிய கீறல். உயிர்த்தெழுந்தவரின் உடம்பு அது. காயம் இருக்கிறது, வலி முடிந்துவிட்டது. கோபன்ஹேகனில் பீடத்தில் பொறித்திருப்பது மத்தேயு 11:28இன் தொடக்கம். 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே' என்று நம்மூர் பைபிளில் வருமே, அந்த வசனம். வருத்தம் சிலையிடம் இல்லை, எதிரில் நிற்பவரிடம் இருக்கிறது என்பது அதன் கணக்கு.

அப்போஸ்தலர்களைத்தான் நீங்கள் அவசரமாகத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பர்த்தலமேயுவின் கையில் கத்தி: அவரைத் தோல் உரித்துக் கொன்ற கத்தி. சீமோனிடம் ரம்பம். அந்திரேயாவிடம் பெருக்கல் குறி போன்ற சிலுவை. ஆமாம், அந்த அறையில் சிலுவை இருந்தது! இந்தச் சிலை வரிசையில் யூதாஸின் இடத்துக்கு வந்த பவுலிடம் வாள். பரங்கிமலை தோமாவிடம் ஈட்டி இல்லை, தச்சரின் மூலைமட்டம்தான் இருக்கிறது. எல்லோரிடமும் இல்லை என்றாலும் அது ஒரு கொலைக்கருவிக் கூடம்தான். சிலுவை வேண்டாம் என்ற சபை இதை அப்படியே பிரதி எடுத்துவைத்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

சிலுவை வேண்டாம் என்பதும் ஆதியிலிருந்து வந்த சட்டமல்ல. 19ஆம் நூற்றாண்டில் சிலுவைப் பதக்கம் அணிந்த மார்மன் பெண்களின் புகைப்படங்கள் உண்டு. 1916இல் சால்ட் லேக் சிட்டிக்கு மேலே உள்ள குன்றில், முன்னோடிகளின் நினைவாக ஒரு சிலுவை நடலாம் என்று சபையின் உயர்பொறுப்பில் இருந்தவரே கேட்டார். எதிர்ப்பு கிளம்பியது, கைவிட்டார்கள். 1957இல் சபைத் தலைவர் டேவிட் மெக்கே, சிலுவை அணிவது கத்தோலிக்க வழக்கம், நமக்கு வேண்டாம் என்றார். 1975இல், பின்னாளில் சபைத் தலைவரான கார்டன் ஹிங்க்லி அதற்கு இறையியல் விளக்கம் கொடுத்தார்: சிலுவை மரிக்கும் கிறிஸ்துவின் சின்னம், நாங்கள் அறிவிப்பது உயிருள்ள கிறிஸ்துவை. என் எண்ணம், விலக்கு முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது. உங்கள் சபையிடமிருந்து தள்ளி நிற்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இது கண்ணெதிரே நடந்தது. வாத்திகன் அரங்கில் மகனின் சடலத்தை மடியில் ஏந்திய மைக்கேலாஞ்சலோவின் பியெட்டா. மார்மன் அரங்கில் இந்தக் கிறிஸ்து. 2020இலிருந்து இதே சிலைதான் சபையின் அதிகாரபூர்வச் சின்னம்.

சரி, துயரம் எங்கே போயிற்று? ஒரு பகுதி, கைதாவதற்கு முன் இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்குப் போயிற்று. இயேசு பாவங்களின் பாரத்தைச் சுமந்தது அங்கேயே தொடங்கிவிட்டது, மயிர்க்கால்தோறும் ரத்தம் கசிந்தது என்பது மார்மன் வேதநூல்களின் அழுத்தமான போதனை. மார்மன் ஓவியங்களில் அந்தத் தோட்டக்காட்சி சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு பகுதி அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் மேல் இறங்கியது. நெப்ராஸ்காவில் ஓமாஹா நகரில், குளிர்காலக் குடியிருப்பு என்று அவர்கள் அழைக்கும் இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். இல்லினாயிலிருந்து துரத்தப்பட்டு 1846இல் வந்து தங்கியவர்களில் நூற்றுக்கணக்கானோர் குளிரிலும் நோயிலும் செத்த இடம். ஏவர்ட் ஃபேர்பேங்க்ஸ் 1936இல் அங்கே வைத்த வெண்கலச் சிலையில், காற்றில் படபடக்கும் போர்வைக்குள் கணவனும் மனைவியும் ஒட்டி நிற்கிறார்கள். காலடியில் குழி, குழிக்குள் அவர்கள் குழந்தை. நீங்கள் தேடிய வியாகுல மாதா அங்கே நிற்கிறாள், கணவனோடு. 1856இல் கைவண்டி இழுத்துக்கொண்டு மேற்கே நடந்த இரண்டு குழுக்களில் இருநூறு பேருக்கு மேல் பனியில் மடிந்தார்கள். இன்றும் மார்மன் இளைஞர்கள் அந்தக் காலத்து உடையில் கைவண்டி இழுத்து நடந்துபார்க்கிறார்கள். உங்கள் சிலுவைப்பாதைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எது?

ஆகவே அஞ்சும் மதம் என்று சொல்லமாட்டேன். எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. 1857 செப்டம்பரில் தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸில், ஆர்கன்சாவிலிருந்து வந்த பயணிகள் சுமார் 120 பேரை மார்மன் படையினர் கொன்றார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். 1859இல் ராணுவம் வந்து எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்து, கற்களைக் குவித்து, மேலே ஒரு மரச் சிலுவை நட்டது. அந்தச் சிலுவை சில ஆண்டுகள்கூட நிற்கவில்லை. 1999இல் சபையே புதிய நினைவிடம் கட்டியது, ஹிங்க்லியே வந்து அர்ப்பணித்தார். ஃபேர்பேங்க்ஸ் ஓமாஹாவில் வைத்தது போன்ற ஒரு தாயையும் தந்தையையும் அங்கே யாரும் வார்த்துவைக்கவில்லை.