“கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?”: ஸ்ட்ரோக் வந்தால் நேரத்தைக் கையில் பிடிப்பது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். போன மாதம் என் மாமனாருக்கு (வயது 63) காலை 6 மணிக்கு டீ குடிக்கும்போது டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் டிரிப் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர 11 மணி. “ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது” என்றார்கள். அது என்ன ஊசி? இனி யாருக்காவது இப்படி வந்தால் நேராக எங்கே போவது? மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் படிக்கிற டாக்டர்கள்தான் பார்ப்பார்கள் என்று என் கணவர் பயப்படுகிறார்.

பதில்: உங்கள் மாமனாருக்குக் கிடைக்காமல் போனது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஆல்டிபிளேஸ் என்றால் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி.; எவ்வளவு எடை இருந்தாலும் 90 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மி.கி. அதில் பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் செலுத்தி, மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25 மி.கி., ஒரே தடவையில் முடிந்துவிடும்.

இதற்கான கெடு, பாதிப்பு தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். ரத்தம் போகாத மூளைப் பகுதியில் திசுவோடு சேர்ந்து ரத்தக் குழாயின் சுவரும் நலிந்துகொண்டே வரும். தாமதமாக அடைப்பைத் திறந்தால் நலிந்த இடத்தில் ரத்தம் கசிந்துவிடும். நேரத்துக்குள் போட்டாலே நூறில் இரண்டு முதல் ஆறேழு பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு வரலாம். கெடு தாண்டினால் ஆபத்து பலனை மிஞ்சிவிடும். பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாக மெல்லிய டியூப் செலுத்திக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. வழக்கமாக 6 மணி நேரத்துக்குள் செய்வார்கள். ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சம் இருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் செய்வதுண்டு. ஆகவே “நேரம் போச்சு” என்று யாராவது சொன்னால், “பெரிய குழாய் அடைப்பா? கட்டியை எடுக்க முடியுமா?” என்று அவசியம் கேளுங்கள்.

அந்த நர்சிங் ஹோமில் நடந்த பிழை, சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் நோயாளியை வைத்துக்கொண்டது. ரத்தக் குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் கையும் வாயும் ஒரே மாதிரிதான் இழுக்கும். சி.டி. எடுக்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். பி.பி. எகிறியிருக்கிறதே என்று நாக்குக்கடியில் மாத்திரை வைத்துச் சடாரென்று இறக்குவது இன்னொரு தவறு. அடைப்பைத் தாண்டி ரத்தம் தள்ளத்தான் உடம்பே பி.பி.யை ஏற்றுகிறது. திடீரென்று இறக்கினால் பாதிப்பு பெரிதாகும். ஊசி போடுவதென்றால் 185/110க்குக் கீழே கொண்டுவருவார்கள், அதையும் நிதானமாகச் செய்வார்கள்.

இனி எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்தில் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை; அடுத்து சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 108க்குப் போன் செய்து முதல் வார்த்தையாக “ஸ்ட்ரோக்” என்று சொல்லுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், எண்ணூர் பக்கம் வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள், மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை எல்லாம் நம் பகுதியில் நிமிடங்களைத் தின்னும். எந்த வழியில் போவது என்பதை இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள். தனியார் ஆஸ்பத்திரியை நினைத்திருந்தால் முன்கூட்டியே போன் செய்து, ராத்திரி 2 மணிக்கும் சி.டி. எடுப்பீர்களா, கட்டி கரைக்கும் ஊசி இருப்பு இருக்கிறதா, நரம்பியல் டாக்டர் வருவாரா என்று கேளுங்கள். மூன்றுக்கும் “ஆமாம்” வராத இடம் ஸ்ட்ரோக்குக்கு ஆகாது.

கேஷுவால்டி வாசலில் டாக்டர் கேட்கும் கேள்வி, “கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?” கவனியுங்கள், கை விழுந்ததை நாம் எப்போது பார்த்தோம் என்பது வேறு. காலை 6 மணிக்கு எழுந்தபோதே கை விழுந்திருந்தால், இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த நேரம்தான் கணக்கு. அதைப் பார்த்தவரே கூட வர வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் முடிவே மாறும். சர்க்கரை நோயாளி என்றால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் ஸ்ட்ரோக் போலவே கை இழுக்கும்.

வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம், ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரல் நுனியில் ஊசியால் குத்துவது, புறா ரத்தம் தடவுவது எல்லாம் நேரத்தைக் கொல்லும்.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். நரம்பியலில் “படிக்கிற டாக்டர்” என்பவர் பயிற்சி மருத்துவத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்று ஆண்டு எம்.டி. முடித்துவிட்டு, அதற்கும் மேல் மூன்று ஆண்டு டி.எம். படிப்பவர். அவர் கற்பதில் பெரும்பகுதி நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே நடக்கிறது. இரண்டு கையையும் தூக்கிப் பத்து வரை எண்ணச் சொல்வார். ஒரு கை மெல்லச் சரியும். பார்வை, பேச்சு, உணர்ச்சி எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு 42க்கு எத்தனை என்று குறிப்பார். சி.டி. படத்தைச் சீனியருக்குக் காட்டி முடிவெடுப்பார். அவருடைய கண்ணும் கையும் தினம் தினம் இதிலேயே பழகியவை. ஸ்ட்ரோக் அபூர்வமாக வரும் சிறிய ஆஸ்பத்திரியைவிட இதுவே மேல் என்பது எங்கள் உறுதியான எண்ணம். உண்மையான சிக்கல் கூட்டம்தான். பதிவு வரிசையில் நின்றுகொண்டிருக்காமல், “ஸ்ட்ரோக், ஒரு மணி நேரம் ஆச்சு” என்று முதலில் கண்ணில் படும் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டபின் முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு 24 மணி நேரம் ஆகும்வரை மணிக்கு ஒருமுறை பி.பி. பார்ப்பார்கள். தூங்குபவரை எழுப்புகிறார்களே என்று கோபப்படாதீர்கள். திடீர்த் தலைவலி, வாந்தி, குழறல் வந்தால் உடனே கூப்பிடுங்கள். விழுங்கும் சோதனை முடியும் முன் இட்லியை ஊட்டிவிட வேண்டாம்.

மாமனாருக்கு இப்போது பிசியோதெரபியை நிறுத்தாமல் தொடருங்கள்; முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் அதிகம். பி.பி., சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் இ.சி.ஜி., கழுத்து ரத்தக் குழாய் டாப்ளர் ஸ்கேன் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஓ.பி.யில் கேட்டு எடுத்துவிடுங்கள்.