இயற்கணிதமா நுண்கணிதமா: பிளஸ் ஒன் இயற்பியலை எப்படித் தொடங்குவது?

தருமபுரியில் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் தம்பி, நுண்கணிதம் (கால்குலஸ்) இல்லாமல் இயற்பியல் புரியுமா என்று கேட்டிருக்கிறார். இயற்கணிதத்தோடு தாராளமாகத் தொடங்கலாம் தம்பி, ஆனால் ஓரிடத்தில் அது நின்றுவிடும்.

நம்ம கிருஷ்ணகிரி அணையையே பாருங்கள். முழு மட்டம் 52 அடி, ஏறக்குறைய 16 மீட்டர். நீரின் அழுத்தம் மேற்பரப்பில் சுழி. அடியில் ஏறத்தாழ ஒன்றரை வளிமண்டல அழுத்தம். சுவர் நீள்சதுரமாக இருந்தால், சராசரி அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை வந்துவிடும். சரி, கீழே போகப்போகச் சுவர் குறுகினால்? அந்தச் சராசரி செல்லாது. சுவரை மெல்லிய கிடைப்பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் விசையையும் கூட்டவேண்டும். நுண்கணிதத்தில் தொகையிடல் என்பது இதுதான்.

அப்புறம், இயற்பியல் புத்தகம் இரண்டாம் அலகிலேயே நுண்கணிதத்தின் இன்னொரு பாதியான வகையிடலை, அதாவது ஓர் அளவு மாறும் வீதத்தைக் காண்பதை, கேட்கும். கணக்குப் புத்தகத்தில் அது இரண்டாம் தொகுதியில்தான் வரும். அதனால் முதல் மாதமே x², x³ போன்ற அடுக்குச் சார்புகளின் வகையிடலை மட்டுமாவது கையால் போட்டுப் பழகிவிடுங்கள்.