பதில்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேம் தறிகெட்டு ஓடுகிறது

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் (விநாடிக்கு 60 படம்) ஒழுங்காக ஓடிய, எஸ்டிஎல்2 என்ற நிரல் நூலகத்தில் நீங்கள் எழுதிய கேம், 144 ஹெர்ட்ஸில் 2.4 மடங்கு வேகமாக ஓடுகிறது என்றீர்கள். 144-ஐ 60-ஆல் வகுத்தால் அதே 2.4தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும், ஒருமுறை பிசிக்ஸ் (அசைவுக் கணக்கு) ஓடுகிறது. புது வியாதி இல்லை, 4.77 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் வேகத்தை நம்பி எழுதிய பழைய கேம்களுக்காகவே, வேகத்தைக் குறைக்க அந்தக் காலக் கணினிகளில் டர்போ பட்டன் வைத்தார்கள்.

எல்லாவற்றையும் டெல்டா டைமால் (முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். குதிக்கும் உயரம் அப்போதும் ஃப்ரேம் ரேட்டுக்கேற்ப மாறும். பிசிக்ஸின் ஒவ்வொரு படியையும் 1/60 விநாடிக்கே பூட்டிவிடுங்கள். பழைய ஈர்ப்பு, உராய்வு எண்களைத் தொடவே வேண்டாம்.

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கடந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்து வாருங்கள். அதில் 1/60 விநாடியாவது இருக்கும்வரை, ஒவ்வொரு பிசிக்ஸ் படியாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் 1/60-ஐக் கழியுங்கள். ஒரு ஃப்ரேமில் சேர்க்கும் நேரம் 0.25 விநாடியைத் தாண்டக்கூடாது. இல்லாவிட்டால் மெதுவான கணினி படிகளை ஓட்டி ஓட்டியே உறைந்துவிடும். நேரத்தை மில்லிவிநாடி முழு எண்ணில் எடுக்காதீர்கள், 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமே 6.94 மில்லிவிநாடிதான், பின்னம் தொலைந்துவிடும். எஸ்டிஎல்2-இன் நுண்ணிய கடிகாரமான பெர்ஃபார்மன்ஸ் கவுண்டரைப் பயன்படுத்துங்கள்.

இதோடு விட்டால் படம் திக்கும், ஏனென்றால் ஒரே நிலை சில சமயம் இரண்டு ஃப்ரேம், சில சமயம் மூன்று ஃப்ரேம் தெரியும். அந்த மாறியில் மிஞ்சும் நேரத்தை 1/60-ஆல் வகுத்து, அந்த விகிதத்தில் முந்தைய நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் இடையே வரையுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் பட்டன். படியே ஓடாத ஃப்ரேமில் விழுந்த அழுத்தத்தை அழித்துவிட்டால் குதிப்பு தொலைந்துபோகும். அடுத்த படி அதை எடுக்கும்வரை வைத்திருங்கள்.