நியூட்ரலில் இறங்கினால் எது மிச்சம்?

கேள்வி: கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது காரை நியூட்ரலில் போட்டுவிடுவேன். பெட்ரோல் மிச்சம், புகையும் குறைவு என்பது என் கணக்கு. கூடவே கூடாது என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி? அதோடு, நான் ஒருவன் சிக்கனமாக ஓட்டிவிட்டால் ஊர்க் காற்று சுத்தமாகிவிடுமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அடுத்த முறை மலையேறுவதற்கு முன்பே இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் உங்கள் கணக்குக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. இன்று ஓடும் பெட்ரோல் கார்களில் எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உருளும் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. பெட்ரோல் தேவையில்லை என்று கணினி அதை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு மாற்றிய உடனே சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. இன்ஜின் அணையாமல் இருக்க மறுபடியும் பெட்ரோல் தெளித்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து, செலவே இல்லாத இடத்தில் செலவு செய்துகொண்டிருக்கிறீர்கள்.

பணம்கூடப் போகட்டும். டம்டம் பாறையைத் தாண்டி வளைவுக்கு மேல் வளைவாக இறங்கும் காரை இழுத்துப் பிடிக்க வேண்டியது இன்ஜின். அதை விலக்கிவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. விடாமல் மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிமானமே குறைந்துவிடும். எதிரே ஒரு பஸ் ஏறி வரும்போதுதான் அது உங்களுக்குத் தெரியவரும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர். சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை அதனால் போய்விடுகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இதைச் செய்வது மன்னிக்க முடியாத காரியம்.

உண்மையான சிக்கனம் சமதளத்தில் இருக்கிறது. மதுரை கோரிப்பாளையத்தில் சிவப்பு விளக்கு எரிவது தூரத்திலேயே தெரிகிறது. ஆனாலும் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாய்ந்து வந்து, கடைசி நொடியில் பிரேக்கை மிதிக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகம் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருண்டு வாருங்கள். அந்தத் தூரத்துக்கு எரிபொருள் செலவு ஏறக்குறைய இல்லை.

நின்ற பிறகு? அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்வதற்குத்தான் அதிகம் செலவாகும் என்பதும் கார்புரேட்டர் காலத்து நம்பிக்கையே. தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டார் ஜவுளிக் கடைக்குள் இருக்கிறார்கள். வெளியே காரில் ஏ.சி.யை ஓடவிட்டு ஒருவர் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கிறார். நின்றபடியே ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல், சில கார்களில் ஒரு லிட்டர்வரை எரிகிறது. புகைக்குழாய் இருக்கும் உயரம் முழங்காலுக்கும் கீழே. அதே உயரத்தில்தான் நடைபாதையில் மல்லிகைப்பூக் கூடையுடன் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார், மடியில் குழந்தையுடன். அந்தக் குழந்தையின் மூச்சு யாருடைய பொறுப்பு?

நான்குவழிச் சாலையில் வேகத்தைக் கவனியுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்க அளவில் ஏறும்; அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. 80 கிலோமீட்டரில் போகிறவர் 100க்கு மாறினால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். திருமங்கலத்திலிருந்து விருதுநகர் போவதற்குள் இந்த அவசரத்தால் கிடைப்பது சில நிமிடங்கள். டயரில் காற்று குறைந்தாலும் வண்டி இழுக்கச் சிரமப்படும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும். காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. முக்கால் கிலோ எடைகூட வராத பெட்ரோலிலிருந்து அவ்வளவா என்றால், அதிலுள்ள கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து எடை கூடுகிறது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்தால், வெளியேற்றுவது 150 கிலோவுக்கும் மேல். பத்தில் ஒரு பங்கை நீங்கள் குறைத்தாலே மாதம் 15 கிலோ. ஒருவரால் இது முடியும். உங்களால் ஊர்க் காற்று முழுவதும் சுத்தமாகாதுதான். உங்கள் வண்டி போடும் அழுக்குக்கு மட்டும் நீங்கள் பதில் சொன்னால் போதும்.

அந்த அழுக்கு எப்போது மிக அதிகம் தெரியுமா? கிளம்பிய முதல் சில நிமிடங்களில். புகையிலுள்ள நச்சை முறிக்கும் வினையூக்கி மாற்றி, சில நூறு டிகிரி சூடேறிய பிறகே வேலை செய்யும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் அந்தக் கருவிக்கு அது குளிர்தான். தெருமுனைக் கடைக்குக் காரை எடுத்தால், கருவி சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. பால் வாங்க நடந்தே போங்கள்.